விருப்பமில்லை

மூன்றாம் டிவிஷன் லயன்,
கேமரன் மலை.
11.1.1981

அண்ணனுக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. வராததைப் பொய்யாக எழுதுவானேன்?

தீபாவளியன்று என்னை அறைந்துவிட்டுக் காரில் ஏறிப் போனீர்களே, அதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. காரியமாகத்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை தானா ராத்தாவில் பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போனேன். ஈப்போ கல்லூரியின் சனிக்கிழமை வகுப்பில் என்னைத் திரும்பவும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டேன். அங்கே குமாஸ்தாவாக இருக்கும் கிராணி சிவசாமி என் பைலை எடுத்துப் பார்த்தார். போன வருடம் ஜூலையில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், காப்பாளர் என்ற முறையில் நீங்கள் கையெழுத்துப் போட்டு என்னை வகுப்பிலிருந்து விலக்கிய போரம் அதில் இருந்தது. அப்போதுதான் அதை முதல் முறையாகப் பார்க்கிறேன். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் உங்கள் கையால் மலாயில் இரண்டே சொல் எழுதியிருந்தது: ‘தீடாக் பெர்மினாட்’. விருப்பமில்லை.

யாருக்கு விருப்பமில்லை, அண்ணா?

நான்காம் படிவத்திலிருந்து அந்த வகுப்புக்கு எங்கள் பள்ளியில் எடுத்தது இரண்டே பேரை. பள்ளியில் படித்துக்கொண்டே சனிக்கிழமைதோறும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ரசாயனம் படிக்கலாம். தேறினால் அந்த மார்க் பள்ளிக்கும் சேரும், கல்லூரிக்கும் சேரும். பிறகு டிப்ளோமாவுக்கு நேரே இரண்டாம் வருடத்தில் உட்காரலாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் செய்தீர்கள்.

சிவசாமி விதிகளைப் படித்துச் சொன்னார். தோற்றவர்களும் விலகியவர்களும் ஒரே ஒரு முறை திரும்ப விண்ணப்பிக்கலாம். விருப்பமில்லாமல் விலகியவர்களுக்கு மட்டும் அது கிடையாது. குடும்பக் காரணத்தால் விலகியிருந்தால், காப்பாளர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு தகுதித் தேர்வு, அதில் அறுபது வாங்க வேண்டும். தலைமையாசிரியர் எனக்காக எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார். மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள். வகுப்பு பள்ளி மாணவர்களுக்கு மட்டும்தான். இந்த வருடம் ஐந்தாம் படிவம் முடிந்துவிட்டால் எனக்கு அங்கே இடமே இல்லை.

நான் கேட்பது மூன்று வரி. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள்.

நளினி

*

ஈப்போ
24.1.1981

நளினிக்கு,

மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பாய் என்று நினைத்துத்தான் உறையைப் பிரித்தேன். என்ன புத்திகெட்ட நினைப்பு!

தீபாவளியன்று என் மாமனார் கந்தசாமியும் அவர் வீட்டு ஆட்களும் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது, கையில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு என்னைத் ‘திருடன்’ என்றாய். அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். உன்னை அறைந்தது தப்போ என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த யோசனை இல்லை.

எல்லாம் எழுதினாயே, ஜூலைத் தேர்வில் நீ வாங்கிய மார்க்கை ஏன் எழுதவில்லை? முப்பத்தொன்று. நூற்றுக்கு. அப்படியே விட்டிருந்தால் நவம்பரில் தோல்வி என்று போட்டிருப்பார்கள். தேறினால் இரண்டு பக்கமும் சேரும் என்கிறாயே, தோற்றாலும் அப்படித்தான். பள்ளி ரிப்போர்ட்டிலும் அது ஏறியிருக்கும். விலகிவிட்டால் ஒரு பக்கமும் ஏறாது. உன் பெயர் கெடாமல் நான் காப்பாற்றினேன். போரத்தில் காரணம் கேட்ட கோட்டில் ஏதாவது எழுத வேண்டும், எழுதினேன். கோர்ட்டில் சாட்சி சொல்வது போல் ஒவ்வொரு சொல்லையும் எடை போட எனக்கு நேரம் இருக்கவில்லை.

இனிமேல் அந்த வகுப்பை மறந்துவிடு. ஐந்தாம் படிவத்தை ஒழுங்காக முடி. நம் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் சின்னக் கிராணி வேலைக்கு ஆள் எடுக்கப் போவதாகக் கேள்வி. பெரிய கிராணி தங்கையாவிடம் நான் சொல்கிறேன். என் பேச்சுக்கு அங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது. நீ கெடுக்காமல் இருந்தால்.

உன் அண்ணன்,
தனராஜ்

*

மூன்றாம் டிவிஷன் லயன்
8.2.1981

அண்ணனுக்கு,

ஆமாம், முப்பத்தொன்று. எனக்கு அது வெட்கமாக இருந்ததால்தான் எழுதவில்லை. நீங்களே எடுத்துவிட்டீர்கள். அது எப்படி வந்தது என்பதையும் பேசிவிடுவோம்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பஸ் பிடித்து, தாப்பாவில் இறங்கி, வேறு பஸ் மாறி உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்வேன். உங்கள் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த பாஞ்சாலையக்கா ஜூன் மாதம் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணிக்குச் சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் டியூட்டி. உங்களுக்கு அரை நாள் ஆபீஸ். “ஒரு சனிக்கிழமதானே, பாப்பாவ பாத்துக்க. நான் காலேஜ்ல சொல்லிக்கிறேன்” என்றீர்கள். அடுத்த வாரமும் அதே வார்த்தை. மூன்றாவது வாரம் அந்த வார்த்தைகூட இல்லை. நான் எழுந்து முகம் கழுவுவதற்குள் பாப்பா என் பாயில் கிடந்தது.

அந்த மூன்று வாரமும் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பாடம் நடந்திருக்கிறது. தேர்வில் கேட்டது அதைத்தான். கண்ணாடிக் குழாயின் திறப்பை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே தெரியாமல் நின்றேன். பக்கத்தில் இருந்த சீனப் பெண் பாவம் பார்த்துக் கண்ணால் காட்டினாள். அதற்குள் பாதி நேரம் போய்விட்டது. முப்பத்தொன்றில் பத்து மார்க்காவது அவள் கொடுத்தது.

பாப்பா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது சிரித்தால் நானும் சிரித்தேன்.

இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஆகஸ்டில் என் துணிமணிகளை எடுக்க வந்தபோது, பாப்பாவின் துணி அலமாரியில் மஞ்சள் துண்டுக்கு அடியில் கல்லூரியின் கடிதம் ஒன்று கிடைத்தது. ஜூலை முதல் வாரத்தில் உங்களுக்கு வந்தது. மாணவி மூன்று வகுப்புக்கு வரவில்லை, காரணத்தைத் தெரிவித்தால் விட்டுப்போன பாடங்களைத் தனியாக நடத்தித் தருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். தனியாக நடத்தித் தருகிறோம்! நீங்கள் ஒரு பதில் போட்டிருந்தால் போதும். நீங்கள் அதை மடித்துத் துண்டுக்கு அடியில் வைத்துவிட்டு, விலகல் போரத்தை நிரப்பினீர்கள். திருடன் என்று நான் வாய் தவறிச் சொல்லவில்லை.

கடிதம் என்னிடம்தான் இருக்கிறது.

கிராணி வேலை எனக்கு வேண்டாம். லெம்பா பெர்த்தாமில் வீரப்பன் மாமா கோஸ் போட்ட நிலத்து மண்ணைப் பொட்டலம் கட்டி வெளியூருக்குச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வருவதற்குள் ஒரு போகத்தை இழந்துவிட்டார். அந்த மண்ணைச் சோதித்துச் சொல்கிற ஆளாக நான் வருவேன். இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் மூன்று வரி வராவிட்டால், துண்டுக்கு அடியில் இருந்த கடிதத்தோடு நானே கல்லூரிக்குப் போவேன்.

நளினி

*

ஈப்போ
19.2.1981

நளினி,

அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு விளங்கவில்லை. நீ வகுப்பில் சேர்ந்தபோது நான் ஓர் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாணவியின் படிப்புக்கு வீட்டில் எந்த இடைஞ்சலும் வராமல் பார்த்துக்கொள்வேன் என்று. இந்த வருடம்தான் கல்வி இலாகாவில் என்னை நிரந்தரமாக்குகிறார்கள். இடைஞ்சல் கொடுத்ததும் நான், மறைத்ததும் நான், போரத்தில் வேறு காரணம் எழுதியதும் நான் என்று தெரிந்தால் என் பைலில் அது ஏறும். லயத்தில் பிறந்து இந்த நாற்காலிக்கு வர நான் என்ன பட்டேன் என்று உனக்குத் தெரியாது. பாஞ்சாலையக்கா வேலையை விட்டு நின்றபோது உன் அண்ணி தனலெட்சுமிக்கு லீவு கிடையாது, எனக்கும் கிடையாது. வீட்டில் இருந்தது நீ ஒருத்திதான். நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

சரி. ஒரு வழி செய்திருக்கிறேன். இத்துடன் கல்லூரிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கடுமையான மூச்சிரைப்பு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால்தான் நீ விலக நேர்ந்தது, முன்பு எழுதிய காரணம் கைத்தவறு என்று டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதுவும் குடும்பக் காரணம்தான். உனக்கும் காரியம் நடக்கும், எனக்கும் கெடுதல் இல்லை. அம்மா எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இதற்குப் பதிலாக நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். துண்டுக்கு அடியில் எடுத்ததை எனக்குத் திருப்பி அனுப்பு. என் மாமனாருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுது.

தனராஜ்

*

மூன்றாம் டிவிஷன் லயன்
1.3.1981

அண்ணனுக்கு,

நீங்கள் டைப் அடித்த கடிதம் வந்தது. மூன்று நாள் என் புத்தகப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் யாருக்குச் சீக்கு என்று எழுதியிருக்கிறதோ அவருக்கு அது தெரிய வேண்டாமா? நேற்று அம்மா கருவாடு கழுவிக்கொண்டிருந்தபோது படித்துக் காட்டினேன்.

“எனக்கா மூச்சு எறைக்குது? நேத்து நாப்பத்தெட்டு கிலோ கொழுந்து போட்டேன்லா. கங்காணிய கேக்கச் சொல்லு அவன!” என்றாள். பிறகுதான் யோசித்தாள். “நான் சீக்காளின்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்தா, நாளைக்கு இங்க எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் காதுக்கு வராதா? வேலைக்கு லாயக்கில்லன்னு நிறுத்திட்டா லயத்து வீட்டையும்ல காலி பண்ணணும்?”

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அது சரி. அவன் ஏன் என் மேல போடுறான்? நெசமா என்னா நடந்திச்சி?”

இது வரை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரிந்தது, நான் மார்க் வாங்காததால் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள் என்பது மட்டும்தான். தீபாவளிச் சண்டையைக்கூட என் வாய்த்துடுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். கல்லூரிக் கடிதத்தை மலாயில் படித்துத் தமிழில் சொன்னேன். “தனியா சொல்லித் தாறோம்னு எழுதியிருக்கா? திரும்பப் படி” என்றாள் அம்மா. திரும்பப் படித்தேன். அப்பா வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கந்தசாமி மாமாவுக்கு எழுத மாட்டேன். துண்டுக்கு அடியில் இருந்ததையும் தர மாட்டேன். ஆனால் ‘திருடன்’ என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். திருடுகிறவனுக்கு எடுத்த பொருளாவது மிஞ்சும்.

மார்ச் முடிவதற்குள் கல்லூரிக்குப் போகிறேன்.

நளினி

*

ஈப்போ
9.3.1981

நளினிக்கு,

பெற்றவர்களிடமும் சொல்லிவிட்டாய். நல்லது. இனி உனக்கு நான் மறைக்க ஒன்றும் இல்லை, பயப்படவும் ஒன்றும் இல்லை.

இன்று காலை கல்லூரிக்குப் பதிவுத் தபால் ஒன்று அனுப்பியிருக்கிறேன். நளினி த/பெ இராமையா என்ற மாணவிக்கு இன்று முதல் நான் காப்பாளர் இல்லை என்று. அவ்வளவுதான். காப்பாளர் இல்லாதவளின் விண்ணப்பத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்த வேலையில் இருக்கிற எனக்கு அது தெரியும். நீ எந்தக் கடிதத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய், எந்த மேசையில் வேண்டுமானாலும் வை.

உன்னை அந்த வகுப்பில் சேர்த்ததே நான்தான். காப்பாளர் ஈப்போவில் இருந்தால் நல்லது என்று பள்ளியில் சொன்னவுடனே, மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். அதை ஒரு நாளாவது நினைத்தாயா?

என் வீட்டுப் பக்கம் வராதே. தனலெட்சுமியும் அதையேதான் சொல்கிறாள்.

தனராஜ்

*

மூன்றாம் டிவிஷன் லயன்
29.3.1981

அண்ணனுக்கு,

உங்கள் பதிவுத் தபாலுக்கு நன்றி சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்த அன்று நான் அழுதேன். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு சிவசாமியிடம் போனேன். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “காப்பாளர் வெலகிட்டா தகப்பனார்தான் காப்பாளர். ஒங்க அண்ணன் கையெழுத்து இனிமே தேவையில்ல. அப்பாவ கூட்டிட்டுப் போ.”

அப்பா வருவார் என்று நான் நம்பவில்லை. நீங்கள் படித்து ஆபீஸரானதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். நான் விஷயத்தைச் சொன்னேன். “என்னைக்கிப் போவணும்?” என்று மட்டும் கேட்டார். துரையிடம் ஒரு நாள் லீவு வாங்கினார். நேற்று முதல் பஸ் பிடித்து மலையிறங்கினோம்.

கல்லூரியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மலாய் அம்மா, ஒரு பக்கம் ஆய்வுக்கூடத் தலைவர், இன்னொரு பக்கம் சிவலிங்கம் என்று ஒரு தமிழ் அதிகாரி. அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்றதும், சிவலிங்கம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, “நீங்க சொல்லுங்கய்யா, நான் எழுதிக்கிறேன்” என்றார்.

நாற்காலி போட்டிருந்தும் அப்பா நின்றுகொண்டே சொன்னார். “எம் மவன்தாங்க இவள நிப்பாட்டுனான். புள்ளயப் பாத்துக்க ஆளில்லன்னு மூணு வாரம் வீட்டுல நிக்க வச்சான். நீங்க போட்ட கடுதாசிய எங்ககிட்ட சொல்லல. சொல்லியிருந்தா எஞ் சம்சாரத்த அனுப்பியிருப்பேன். இவளுக்கு விருப்பமில்லன்னு அவன் எழுதுனது பொய்யிங்க.”

சிவலிங்கம் எழுதுவதை நிறுத்திவிட்டார். “ஐயா, ஒங்க மகன் கவர்மெண்ட் வேலையில இருக்காரு. இது அவருக்குப் பாதகமா வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சிட்டுத்தாங்க பஸ் ஏறுனேன்” என்றார் அப்பா.

பிறகு விரலில் மை தடவி அழுத்தினார்கள்.

மத்தியானம் எனக்குத் தேர்வு வைத்தார்கள். இரண்டு மாதமாகப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தண்ணீரை வைத்தே பழகியிருந்தேன். கண்ணாடிக் குழாயின் திறப்பை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இந்த முறை தெரிந்திருந்தது. அறுபத்தாறு. விட்ட இடத்திலிருந்து இல்லை, முதல் பாடத்திலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காரணமில்லாமல் வராவிட்டால் அத்தோடு சரி. பெண்கள் ஹாஸ்டலில் வெள்ளிக்கிழமை தங்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் எழுதியதும் அப்பா சொன்னதும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால், ஏப்ரல் பதினைந்தாம் தேதி உங்களை நேரில் கேட்பார்கள். அதன் பிறகுதான் என் இடம் உறுதியாகும். நீங்கள் மறுத்துவிட்டால், அப்பா சபையில் நின்று பொய் சொன்னதாக முடியும்.

தாப்பாவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அப்பா ரொட்டி வாங்கினார். மை ஒட்டிய கட்டைவிரலை விலக்கிவைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் பிய்த்துத் தின்றார்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். எழுதுவதாக இருந்தால் கல்லூரிக்கு எழுதுங்கள்.

நளினி

*

ஈப்போ
19.4.1981

நளினிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். அங்கே நடந்தது உனக்கு வேறு யார் வாயாலாவது வருவதற்கு முன்னால் என் கையால் வரட்டும்.

பதினைந்தாம் தேதி மறுப்பதற்குத்தான் போனேன். மூன்று பக்கம் டைப் அடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மகள் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார் என்று அதில் இருந்தது. அவர்கள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மற்ற இருவரும் இன்னும் வரவில்லை. சிவலிங்கம் மட்டும் இருந்தார். அப்பாவின் தாளை என் முன்னால் வைத்தார். “மத்தத அவுங்க வந்ததும் பேசலாம். ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு, தனராஜ். கைநாட்டுக்குச் சாட்சி இல்ல. எழுதுனவன் நான், நான் சாட்சி போடக்கூடாது. அவர தெரிஞ்சவங்கதான் போடணும். இது ஒங்க அப்பா ரேகைதானே?”

அவர் வேண்டுமென்றே விட்டுவைத்தாரா, மறந்துபோனாரா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் ரேகைக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்ட தழும்பு. எங்கே பார்த்தாலும் எனக்கு அது தெரியும். ஆமாம் என்றேன். பேனாவைக் கொடுத்தார். போட்டுவிட்டேன்.

போட்ட பிறகுதான் மேலே எழுதியிருந்ததைப் படித்தேன். ‘எம் மவன்’ என்பதைக்கூட சிவலிங்கம் மாற்றாமல் எழுதியிருந்தார். கீழே இருப்பது என் அப்பாவின் விரல் என்று என் கையெழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இருப்பது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மலாய் அம்மாவும் ஆய்வுக்கூடக்காரரும் வந்து உட்கார்ந்தார்கள். “உங்கள் அப்பா சொன்னது சரியா?” என்று கேட்டார்கள். சரி என்றேன். மூன்று பக்கமும் சட்டைப்பையிலேயே இருந்தன.

என்னை நிரந்தரமாக்குவதை ஒரு வருடம் தள்ளிவைத்திருக்கிறார்கள். தனலெட்சுமி என்னோடு பேசுவதில்லை. மாமனார் வந்து கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டுவிட்டுப் போனார். இதையெல்லாம் நீ சந்தோஷப்படுவதற்காக எழுதவில்லை. மன்னிப்பு என்றும் எடுத்துக்கொள்ளாதே. உன் மேல் உள்ள கோபம் எனக்கு அப்படியேதான் இருக்கிறது. நீ இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நானே ஏதாவது செய்திருப்பேன் என்று இன்னும் சில நேரம் நினைக்கிறேன். செய்திருக்க மாட்டேன் என்றும் தெரிகிறது.

உன் இடம் உறுதியாகிவிட்டது. மே இரண்டாம் தேதி வகுப்பு ஆரம்பம். ஹாஸ்டலிலேயே தங்கு, இங்கே வர வேண்டாம்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. நானே வந்து சொல்கிறேன். எப்போது என்று தெரியவில்லை.

தனராஜ்